கோச்சுக்கு எதற்குத் தலைக்கணக்கு? சிறு கல்லூரி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பென்சில்வேனியாவிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் சிறு தனியார் கல்லூரிகளை நடத்தும் தலைவர்களுக்கும், அறங்காவலர் குழுவினருக்கும், விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

என் மகள் உங்களில் ஒருவருடைய கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பெண்கள் லக்ராஸ் அணியில் ஆடுகிறாள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ஒரு கல்லூரியின் மீதான புகாராகச் சுருங்கிவிடும். மற்ற அணிகளின் பெற்றோரோடு மைதான ஓரத்தில் நின்று பேசிய அளவில், பல இடங்களில் இதே கதைதான். இதையே ஆங்கிலத்தில் எழுதி எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்பினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. சரி, தமிழில் எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் காரணமும் இருக்கிறது. நியூ ஜெர்சி, வட கரோலினா, டெக்சஸ் புறநகர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது லக்ராஸ் மட்டையோடு திரிகிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு உங்கள் சேர்க்கை அலுவலகங்களிலிருந்து வண்ண வண்ணமாகத் தபால் வருகிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்களும் இதைப் படிக்கட்டும்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். லக்ராஸ் பயிற்சியாளர்களை லக்ராஸ் சொல்லிக்கொடுக்க விடுங்கள். கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அதைக் குறையுங்கள். குறைக்க முடியாது என்றால் அதற்குரிய சம்பளத்தையும் ஆட்களையும் கொடுங்கள்.

ஆட்டத்தைப் பார்த்திராத தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம். நுனியில் வலை கட்டிய கம்பால் ரப்பர் பந்தைப் பிடித்து, எறிந்து, ஆறடிக்கு ஆறடி கோலுக்குள் அடிப்பது லக்ராஸ். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆட்டம். ஹோடனோஷோனி மக்கள் இதைப் படைத்தவனுக்காக ஆடுகிற ஆட்டம் என்று இன்றும் சொல்கிறார்கள். 1860களில் மான்ட்ரியலைச் சேர்ந்த ஜார்ஜ் பியர்ஸ் என்ற பல் மருத்துவர் அதற்கு விதிகள் எழுதினார். அப்புறம் அது வெள்ளைக்காரப் பள்ளிகளின் ஆட்டமாகிப்போனது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் இருக்கிறது. அந்த முடிவை எடுத்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டம் 2023 அக்டோபரில் நடந்தது மும்பையில். அதே கூட்டத்தில் கிரிக்கெட்டையும் சேர்த்துவிட்டார்கள், அப்புறம் நம் ஊரில் லக்ராஸை யார் கவனிக்கப்போகிறார்கள்!

ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர். ஹெல்மெட், தோள்கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு இடித்துத் தள்ளி ஆடுவார்கள். பெண்கள் ஆட்டத்தில் பன்னிரண்டு பேர், கண்ணுக்குக் கம்பிக்கூடு வைத்த காப்பு, வாய்க்குக் காப்பு. உடம்பால் மோதக் கூடாது. பந்தைத் தொடங்கும் முறை, தப்புக்குத் தண்டனை, மட்டையில் வலையின் ஆழம், எல்லாமே வேறு. பெயர்தான் ஒன்று. இதை இங்கே எழுதக் காரணம், இரண்டு அணிக்கும் பொதுவாக ஓர் உதவிப் பயிற்சியாளர் போதாதா என்று ஒரு நிர்வாகி என்னிடமே கேட்டார். கணக்கு வாத்தியாரும் கணக்குப்பிள்ளையும் ஒன்றுதானே என்று கேட்பது மாதிரி இருந்தது.

இனி பணத்துக்கு வருவோம். உங்கள் கல்லூரிகள், கல்லூரி விளையாட்டுகளை நாடு தழுவி நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவில் இருப்பவை. நாடு முழுக்கச் சுமார் 430 கல்லூரிகள் அந்தப் பிரிவில் உள்ளன. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. தொலைக்காட்சிப் பணம் கிடையாது, டிக்கெட் விற்று வரும் காசும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அப்படியும் நீங்கள் லக்ராஸ் அணிகளை நடத்துகிறீர்கள், இல்லாத இடத்தில் புதிதாகத் தொடங்குகிறீர்கள். மாணவர்களின் முழு வளர்ச்சிக்காக என்று கையேட்டில் போட்டிருக்கிறது. அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்னொரு காரணமும் இருப்பது ஊருக்கே தெரியும். 2007-ல் அமெரிக்காவில் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அடுத்த ஆண்டு பொருளாதாரம் சரிந்தது, பிறப்பும் சரிந்தது, மறுபடி அந்த உயரத்துக்கு ஏறவே இல்லை. 2007-ல் பிறந்தவர்களுக்கு 2025-ல் பதினெட்டு வயது. இனி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைவார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் எப்படியோ நிரப்பிக்கொள்ளும். ஆயிரத்து ஐந்நூறு பேர் படிக்கும் கல்லூரிக்கு ஐம்பது பேர் குறைந்தாலும் அடிவயிறு கலங்கும்.

ஆடுவதற்கு ஓர் இடம் கிடைக்கிறதென்றால், பதினெட்டு வயதுப் பிள்ளை பெயர் தெரியாத ஊருக்கும் கிளம்பிவிடும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஆண்கள் அணியில் 40 பேர், பெண்கள் அணியில் 25 பேர். அறிவித்த கட்டணத்தில் பாதிக்கு மேல் தள்ளுபடி கொடுப்பது இப்போது தனியார் கல்லூரிகளில் சாதாரணம். அது போகத் தலைக்கு 25,000 டாலர் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 65 பேருக்கு ஆண்டுக்கு 16,25,000 டாலர். பஸ், நடுவர் கூலி, மட்டை, பந்து, சம்பளம் எல்லாம் கழித்தாலும் கணிசமாக மிஞ்சும். இதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. லக்ராஸ் இல்லாவிட்டால் உங்கள் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கமாட்டாத பிள்ளைகள் இவர்கள். என் மகளும் அதில் ஒருத்தி. அவள் அங்கே உயிரியல் படிக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். அடுத்த ஆகஸ்டுக்குள் இத்தனை புது ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்து என்று பயிற்சியாளருக்கு இலக்கு வைக்கிறீர்களே, அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

இலக்கு என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. ஆண்டு இறுதி மதிப்பீட்டில் பேச்சு முதலில் எங்கே போகிறது என்று பயிற்சியாளர்களைக் கேட்டால் தெரியும். எத்தனை பேர் முன்பணம் கட்டினார்கள், அணிப் பட்டியல் எத்தனையில் நிற்கிறது. ஜெயித்தது தோற்றது அப்புறம். யார் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டார்கள், யார் காயத்திலிருந்து மீண்டார்கள் என்பதெல்லாம் நேரமிருந்தால். தேயிலைத் தோட்டத்துக் கங்காணிக்குத் தலையை எண்ணித்தான் காசு கொடுத்தார்கள் என்று நம் பாட்டன்மார் கதையில் கேட்டிருக்கிறோம். உங்கள் பயிற்சியாளர்கள் பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருப்பவர்கள். அவர்களைத் தலை எண்ண நிறுத்தியிருப்பது நீங்கள்.

அதன் விளைவு களத்தில் தெரிகிறது. ஆண்கள் ஆட்டத்தில் ஒரே நேரத்தில் இறங்கக்கூடியவர்கள் பத்துப் பேர். மாற்றாட்களையும் சேர்த்து இருபத்தைந்து பேர் ஒழுங்காக ஆடலாம். பட்டியலிலோ நாற்பத்தைந்து பேர். மற்ற இருபது பேரும் ஏப்ரல் முழுக்க நீளக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓரத்தில் நின்று கைதட்டுகிறார்கள். நீ முதல் ஆண்டிலேயே ஆடலாம் என்று சொல்லி அழைத்துவரப்பட்ட பையன்கள் அவர்கள். சொன்னவருக்கு அது நடக்காது என்று தெரிந்திருக்கும். சொல்லாவிட்டால் அவன் வேறு கல்லூரிக்குப் போவான், எண்ணிக்கையில் ஒன்று குறையும். இரண்டாம் ஆண்டில் அவன் அணியை விட்டு விலகுகிறான், பல நேரம் கல்லூரியையும் விட்டு. அந்த இடத்துக்கு இன்னொரு பையனைத் தேடிக்கொண்டு கோச் மறுபடி காரை எடுக்கிறார்.

அவர் எங்கே போகிறார் என்று நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். ஜூலை மாதம், டெலவேர் பக்கத்தில் வரிசையாகப் பல மைதானங்கள், காலை எட்டு மணியிலிருந்து பள்ளி மாணவர்களின் ஆட்டம். நிழலே இல்லை. மடக்கு நாற்காலியில் கல்லூரிப் பெயர் போட்ட பனியனோடு பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஆட்டக்காரர்களின் எண்ணும் பள்ளியும் அச்சிட்ட புத்தகம், அதில் பென்சிலால் வட்டம். பெரிய கல்லூரிகளின் ஆட்கள் மதியத்தோடு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியவர்கள் யாரென்று முன்பே தெரியும். சாயங்காலம் கடைசி ஆட்டம் வரை உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் ஆட்கள். யாரும் கவனிக்காத பின்வரிசைப் பையன் எவனாவது அகப்படுவானா என்று. அன்றிரவு மோட்டலில் உட்கார்ந்து முப்பது பெற்றோருக்குச் செய்தி அனுப்புவார்கள். இந்த வேலையும் வேண்டியதுதான். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கப் பயிற்சியாளரைவிட்டால் வேறு யார்? தேர்ந்தெடுப்பதற்கும் ஆள் நிரப்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

இனி, பயிற்சி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பெண்கள் ஆட்டத்தில் தொடக்கத்திலும் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடு வட்டத்தில் 'டிரா' நடக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மட்டைகளை இடுப்புக்கு மேல் படுக்கைவாட்டில் பிடித்து, மட்டைத் தலைகளின் முதுகும் முதுகும் ஒட்டும்படி வைப்பார்கள். நடுவர் பந்தை அந்த இடுக்கில் சொருகுவார். விசில் ஊதியதும் இருவரும் மேல்நோக்கி இழுக்க வேண்டும், பந்து தலைக்கு மேல் எழும்ப வேண்டும். பந்து யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்குத்தான் அடுத்த தாக்குதல். ஓர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து இருபது கோல் விழுந்தால், டிராவும் இருபதுக்கு மேல். தொடர்ந்து டிராவில் தோற்கும் அணிக்குப் பந்தே கிடைக்காது.

என் மகள் முதலாம் ஆண்டில் டிராவில் தோற்றுக்கொண்டே இருந்தாள். கையில் பலம் போதவில்லை என்று வீட்டில் தண்டால் எடுக்கச் சொன்னோம். அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஒரு மார்ச் மாத இரவு, பயிற்சி முடிந்த பிறகு இவளை நிறுத்திவைத்து, எதிரே தானே மட்டையோடு நின்றார். இழுத்தார்கள், மறுபடி இழுத்தார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டே அவர் இவளுடைய முகத்தையோ பந்தையோ பார்க்கவில்லை, மட்டையை மேலே பிடித்திருந்த கையின் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: விசிலுக்கு ஒரு கணம் முன்பே உன் மேல்கை இறுகிவிடுகிறது, அதனால்தான் மணிக்கட்டு திரும்பத் தாமதமாகிறது. மேல்கையில் கடைசி இரண்டு விரலைத் தளர்த்திப் பிடி, எடையைப் பின்காலில் ஏற்று. அவ்வளவுதான். ஆண்கள் அணி மைதானத்துக்காகக் காத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. இருக்கிற ஒரே மைதானத்தில் ஒரு அணிக்கு ஏழு மணி, இன்னொரு அணிக்கு ஒன்பது மணி. இந்த இருவரும் விறைத்துப்போன விரல்களை என் கார் ஹீட்டருக்கு முன்னால் காட்டிக்கொண்டு, அப்போதும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சில ஆட்டங்களிலேயே வித்தியாசம் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் அணியின் டிரா அவள் பொறுப்பில்தான்.

அந்த உதவிப் பயிற்சியாளர் இப்போது அங்கே இல்லை. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, சீசனுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. காலையில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்தார், மாலையில் எங்கள் பிள்ளைகளோடு. பஸ்ஸில் போகும்போது மடியில் மட்டையை வைத்து அறுந்த நரம்பைப் பிரித்துக் கட்டிக்கொடுப்பார், ஏனென்றால் வலையின் ஆழம் ஒரு இம்மி கூடினாலும் நடுவர் மட்டையை வெளியே வைத்துவிடுவார். சீசன் முடிந்ததும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. படிப்புக் கடன் இருந்தது. அடுத்த ஆண்டு இலையுதிர் காலம் முழுக்க அந்த இடம் காலியாகவே கிடந்தது. தலைமைப் பயிற்சியாளர் தனியாளாக இருபத்தேழு பேரைப் பார்த்துக்கொண்டார். அதே இலையுதிர் காலத்தில்தான் வார இறுதிகளில் ஆள் தேடவும் போய்வந்தார்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். உங்கள் வழக்கறிஞர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது மொழிபெயர்த்துப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன். வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். நிர்வாக வேலை, தொழில்முறை வேலை என்று விலக்குக் கேட்பதானால் வாரம் 684 டாலர், அதாவது ஆண்டுக்கு 35,568 டாலராவது சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். 2024-ல் இதை உயர்த்தினார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே டெக்சஸ் நீதிமன்றம் ஒன்று உயர்வை ரத்து செய்துவிட்டது. ஆசிரியர்களுக்கு மட்டும் இந்த அடிமட்ட வரம்புகூடக் கிடையாது. ஒரு பயிற்சியாளரின் முதன்மை வேலை மாணவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பது என்றால் அவரும் ஆசிரியராகக் கருதப்படலாம் என்று தொழிலாளர் துறை விளக்கம் தந்திருக்கிறது. அந்த வாசலில்தான் நீங்கள் எல்லோரும் நுழைந்திருக்கிறீர்கள். அதே விளக்கத்தின் அடுத்த வரியைப் படித்தீர்களா? முதன்மை வேலை ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்ப்பது என்றால், அவரை ஆசிரியர் என்று சொல்ல முடியாது. உங்கள் பயிற்சியாளர் ஓர் ஆண்டில் எத்தனை மணி நேரம் களத்தில் கற்றுக்கொடுக்கிறார், எத்தனை மணி நேரம் தொலைபேசியிலும் நெடுஞ்சாலையிலும் இருக்கிறார் என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். சம்பளம் கொடுக்கும்போது ஆசிரியர், மதிப்பெண் போடும்போது விற்பனையாளர் என்று இரண்டு பக்கமும் வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

ஆண்கள் அணிப் பெற்றோர் ஒருவர் என்னிடம் சொன்ன விஷயம் இதைவிடக் கவலை தருவது. தலைமைப் பயிற்சியாளர் வெளியூர் போயிருந்த நாளில், நாற்பது பையன்களுக்கு நடுவே பகுதிநேர உதவியாளர் ஒருவர் மட்டும். லக்ராஸ் பந்து கெட்டி ரப்பர். கல்லூரிப் பையன் முழு வீச்சில் அடித்தால் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் போகும். துடிப்பின் நடுவே குறிப்பிட்ட ஒரு நொடித்துளியில் அது நெஞ்சில் பட்டால், எலும்பு முறியாமலே இதயம் தாளம் தப்பி நின்றுபோகலாம். அதற்காகத்தான் சில ஆண்டுகளாக நெஞ்சுக்காப்புக்குத் தனித் தரச்சான்று கட்டாயமாகியிருக்கிறது. காப்பு இருந்தாலும் ஆபத்து அறவே போய்விடாது. விழுந்தவனின் மார்பை அழுத்த ஒருவர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை எடுத்துவர ஓடுபவர் ஒருவர், ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒருவர், மற்ற முப்பத்தொன்பது பேரை விலக்கிவைக்க ஒருவர் வேண்டும். ஒரே ஆள் இதில் எதைச் செய்வார்?

பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 மார்ச் 16 அன்று செட்டன் ஹில் பல்கலைக்கழகத்தின் பெண்கள் லக்ராஸ் அணி மில்லர்ஸ்வில்லில் ஆடுவதற்காகப் போன பஸ், பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையில் கார்லைல் அருகே சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. தலைமைப் பயிற்சியாளர் கிறிஸ்டினா குவிக்லி இறந்துபோனார். முப்பது வயது, கர்ப்பிணி, குழந்தையும் பிழைக்கவில்லை. ஓட்டுநரும் போனார். அது விபத்து, அதற்காக யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் எத்தனை விடியற்காலைகளை அந்தச் சாலையில் கழிக்கிறார்கள் என்பதை சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்க, உதவிப் பயிற்சியாளரையே வேன் ஓட்டச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. ஆட்டம் முடிந்து இரவு பதினொரு மணிக்கு, பின்னால் பத்துப் பிள்ளைகள் தூங்க, அவர் தூங்காமல் ஓட்ட வேண்டும். இதை உடனே நிறுத்துங்கள்.

கல்லூரி பிழைத்திருந்தால்தானே அணி, அதற்குத்தானே இந்த எண்ணிக்கை என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, பிலடெல்பியாவுக்கு வெளியே ராட்னரில் இருந்த கப்ரினி பல்கலைக்கழகத்தைப் பார்ப்போம். 2019 மே மாதம் அவர்களுடைய ஆண்கள் லக்ராஸ் அணி ஆம்ஹெர்ஸ்ட் அணியை 16-12 என்று வென்று மூன்றாம் பிரிவின் தேசிய சாம்பியன் ஆனது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 கோடையில், கல்லூரியை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 2024-ல் மூடியேவிட்டார்கள், வளாகம் பக்கத்து வில்லனோவா பல்கலைக்கழகத்திடம் போய்விட்டது. நாட்டிலேயே முதலிடம் பிடித்த அணியாலும் கல்லூரியைக் காப்பாற்ற முடியவில்லை. அதே 2024-ல் அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி மார்ச் கடைசியில் அறிவித்து மே 31-ல் கதவைச் சாத்தியது. ஒரு கல்லூரியின் நிதி நிலைமையை நாற்பது பையன்களின் கட்டணத்தை வைத்துத் தூக்கி நிறுத்த முடியாது. அந்தப் பாரத்தை ஒரு லக்ராஸ் கோச்சின் தோளில் வைப்பது இன்னும் மோசம். கப்ரினி நிர்வாகம் ஓராண்டுக்கு முன்பாவது சொன்னது, அந்த மட்டில் அவர்களைப் பாராட்டுவேன். நீங்களும் சொல்ல வேண்டிய நிலை வந்தால், பயிற்சியாளர் கடைசியாக ஒரு புது வீட்டுக்குப் போய் வாக்குக் கொடுத்துவிட்டு வருவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

வெர்மான்ட்டின் மிடில்பரி கல்லூரியைப் பார், பெண்கள் அணி 2022, 2023, 2024 என்று வரிசையாகக் கோப்பை வாங்கியிருக்கிறது என்று சிலர் உதாரணம் காட்டுவார்கள். அந்த ஒப்பீடு நியாயமில்லை. அவர்களுடைய மூலதன நிதி நூறு கோடி டாலரைத் தாண்டியது, உங்களிடம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். நம் மாநிலத்திலேயே கெட்டிஸ்பர்க் கல்லூரி இருக்கிறது. கேரல் கான்டெலி அங்கேயே படித்து, பிறகு அங்கேயே பல்லாண்டுகள் பெண்கள் அணியை நடத்தியவர். 2011, 2017, 2018 என்று மூன்று தேசியப் பட்டங்கள் அவர் காலத்தில். ஒருவரை ஓர் இடத்தில் நிலைத்திருக்க விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. உங்களில் பலருடைய கல்லூரிகளில் என் மகள் வயதுப் பிள்ளைகள் நான்கு ஆண்டில் மூன்று உதவிப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் வந்து மட்டையை வேறு மாதிரி பிடிக்கச் சொல்கிறார்கள்.

இதில் பெண்களுக்கு இன்னொரு கோணமும் உண்டு. 1972-ல், கல்விக்கூடங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வந்தபோது கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதைப் பெண்களே பயிற்றுவித்தார்கள். பணமும் பதவியும் வரவர அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. லக்ராஸில் இன்னும் பெரும்பாலும் பெண்கள்தான், அது நல்ல விஷயம். ஆனால் தலைமைப் பயிற்சியாளராக வேண்டிய பெண் முதலில் உதவிப் பயிற்சியாளராக நாலைந்து ஆண்டு தாக்குப்பிடிக்க வேண்டும். அந்த ஆண்டுகளைச் சம்பளமில்லாமல் கழிக்கக்கூடியவர்கள் யார்? அப்பா அம்மா வாடகை கட்டுகிறவர்கள். நம் வீட்டுப் பெண் ஒருத்தி படிப்பு முடித்து நான் கோச் ஆகப்போகிறேன் என்று வந்து நின்றால், நாமே என்ன சொல்வோம் என்று தமிழ்ப் பெற்றோர் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் வீட்டில் அந்தப் பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

ஆகவே, அக்டோபர் அறங்காவலர் கூட்டத்துக்கு முன் சில முடிவுகளை எதிர்பார்க்கிறேன். ஆண்கள் அணிக்கு ஒன்று, பெண்கள் அணிக்கு ஒன்று என்று முழுநேர உதவிப் பயிற்சியாளர் பதவி, மருத்துவக் காப்பீட்டோடு. மேலே போட்ட கணக்கில், ஒரு பதவிக்கான செலவு இரண்டு மூன்று மாணவர்களின் கட்டணத்தில் அடங்கிவிடும். ஓராண்டில் ஓர் அணியிலிருந்து விலகிப் போகிறவர்கள் அதைவிட அதிகம். மதிப்பீட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குப் பக்கத்தில், வந்தவர்களில் எத்தனை பேர் நான்காம் ஆண்டு வரை இருந்து பட்டம் வாங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதினால் பயிற்சியாளரே தேவைக்கு மேல் ஆள் பிடிக்கமாட்டார். இத்தனை பேர் பட்டியலில் இருக்கிறார்கள், இத்தனை பேர் சென்ற ஆண்டு களத்தில் இறங்கினார்கள் என்று வருகிற பெற்றோரிடம் முதல் சந்திப்பிலேயே காட்டுங்கள். ஆட்களைச் சேர்க்கும் செய்திகளை அனுப்புவது, ஊர் ஊராக நிகழ்ச்சி ஏற்பாடு செய்வது, படிவம் வந்ததா என்று துரத்துவது எல்லாம் சேர்க்கை அலுவலகத்தின் வேலை. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பிப்ரவரி முதல் மே வரையாவது அதைக் கோச்சின் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெற்றோரான எங்கள் பங்குக்கும் ஒன்று. ஆட்ட நாளில் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வருகிறோம், கூடாரம் போடுகிறோம், அணிக்கு நிதி திரட்டுகிறோம். அந்த நிதியில் புது ஜெர்சி வேண்டாம், சம்பளத்துக்குப் போடுங்கள் என்று சொல்ல நாங்கள் தயார். விளையாட்டுத் துறை விதிகள் இடம் கொடுக்காது என்று எங்களுக்கு ஒரு முறை பதில் வந்தது. எந்த விதி என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

எங்கள் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளர் இடம் மறுபடி காலியாகியிருக்கிறது. விளம்பரத்தில், சம்பளம் தகுதிக்கேற்ப என்று போட்டிருக்கிறது. வேலை விவரத்தில் பன்னிரண்டு வரி. அதில் ஏழு வரி ஆள் சேர்ப்பது பற்றி, ஆட்டம் சொல்லிக்கொடுப்பது எட்டாவது வரியில் வருகிறது. அந்த வரியை மேலே ஏற்றுங்கள், சம்பளம் என்ற இடத்தில் ஓர் எண்ணைப் போடுங்கள். இந்த மடலுக்குப் பதில் எழுதுவதானால் எனக்கு வேண்டாம். முதலில் உங்கள் பயிற்சியாளர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். முதல் ஆட்டம் பிப்ரவரி கடைசியில்.

இப்படிக்கு,
பெண்கள் அணி ஆட்டக்காரி ஒருத்தியின் அப்பா
ஹாரிஸ்பர்க் பக்கம், பென்சில்வேனியா